ஊரிலிருந்து வரும் வண்டிகள்

மே மாதம் பிறந்துவிட்டால் போதும். தாராவி 90 அடி சாலையிலும், மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கமும், சியோன் கோலிவாடாவிலும், செம்பூர், முலுண்டு, கல்யாண் வரையிலும் ‘டி.என்.’ என்று தொடங்கும் நம்பர் பிளேட்டுகள் வரிசையாக நிற்கத் தொடங்கிவிடும். சங்கரன்கோவில் வண்டி, தென்காசி வண்டி, விழுப்புரம் வண்டி என்று பையன்கள் எண்ணிக்கொண்டே போவார்கள். ஊர் நம்பரைப் பார்த்தவுடன் நமக்கு மகிழ்ச்சி பிறக்கிறது. உறவினர் வந்திருக்கிறார், ஊர்ப் பலகாரம் வந்திருக்கிறது, ஊர்ச் செய்தி வந்திருக்கிறது.

மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் சேர்ந்தே வருகிறது. ஏறத்தாழ 1,600 கிலோ மீட்டர் ஓட்டி வந்தவர், கடைசி 20 கிலோ மீட்டரில் வழி தவறித் தவிக்கிறார். ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் அபராதம் கட்டுகிறார். சிலர் வண்டியை இடித்துக்கொள்கிறார்கள். உயிருக்கே ஆபத்து நேர்ந்ததும் உண்டு. இதைப் பற்றி நாம் பேசியாக வேண்டும்.

ஏன் வண்டியில் வருகிறார்கள், ரயிலில் வரக்கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதற்குப் பதில் தெரியும். முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தது, 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைக்கப்பட்டது. கோடை விடுமுறைக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கவுண்டர் திறந்த சில நிமிடங்களில் தென்னக ரயில்களில் காத்திருப்போர் பட்டியல் நீண்டுவிடுகிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் இரண்டு பேருக்கு இடம் கிடைத்து மூன்று பேருக்குக் கிடைக்காவிட்டால் எப்படிப் புறப்படுவது? ஆகவே, “வண்டிதான் இருக்கிறதே, ஆளுக்குக் கொஞ்சம் ஓட்டிக்கொண்டு போய்விடலாம்” என்று கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

இதை எழுதுகிறவனுடைய மைத்துனர் ஒரு முறை அப்படித்தான் வந்தார். ஊரில் பதினைந்து ஆண்டுகள் வண்டி ஓட்டியவர். திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு போய்வருவார் என்று சொல்வார்கள். கூட வயதான தாயார், மனைவி, இரண்டு குழந்தைகள். மறுநாள் தாராவியில் ஒரு திருமணம். புனே வழியாகப் பன்வேல் வந்து, வாஷி பாலமும் தாண்டி, “இன்னும் அரை மணி நேரத்தில் வந்துவிடுவேன்” என்று போன் செய்தார். வீட்டில் சோறு வடித்துக் காத்திருந்தோம். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் போன். “அத்தான், எங்கே இருக்கேன்னே தெரியலை. சியோன் வரவே இல்லை. பக்கத்துல பெரிய பெரிய கிரேன் தெரியுது, துறைமுகம் மாதிரி இருக்கு” என்றார்.

விஷயம் இதுதான். செம்பூர் அருகே சியோனுக்கு நேராக வரவேண்டியவர், கிழக்கு ஃப்ரீவே மேம்பாலத்தில் ஏறிவிட்டார். அதில் தவறி ஏறினால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது, திரும்பவும் முடியாது. அவரைக் கொண்டுபோய் பி. டிமெல்லோ சாலையில், கோட்டைப் பகுதிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டது. “பதறாதீங்க மாப்பிள்ளை, ஓரமா நிறுத்துங்க, நான் வர்றேன்” என்று சொன்னேன். அவர் நிறுத்தவில்லை. நிறுத்த இடமும் இல்லை. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடிக்க, அவசரத்தில் ஒரு தெருவுக்குள் திரும்பினார். அது நுழையக்கூடாத பக்கம். காவலர் தடுத்தார், அபராதம் விதித்தார். அந்தக் காவலர் மேல் தவறில்லை. பலகை இருந்தது, மைத்துனரால் அதைப் படிக்க முடியவில்லை. அவர்கள் வீடு வந்து சேர்ந்தபோது இரவு பதினோரு மணி. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் தாயார் பசியில் துவண்டு போயிருந்தார். வந்தவர் காரை விட்டு இறங்கி, யாரிடமும் பேசாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் நல்ல டிரைவர் இல்லையா? நிச்சயமாக நல்ல டிரைவர்தான். ஸ்டியரிங் பிடிக்கத் தெரிவது ஒன்று, ஊர் தெரிவது வேறொன்று. முதலாவது கையில் இருக்கும் வித்தை. இரண்டாவது பழக்கத்தில் வருவது. எந்த வளைவில் இடது பக்கம் ஒதுங்க வேண்டும், எந்தச் சிக்னலில் பஸ்ஸுக்கு வழிவிட வேண்டும், எந்தத் தெருவில் ஆறு மணிக்கு மேல் நுழையக்கூடாது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. இங்கே பல ஆண்டு வாழ்ந்தவன் தன்னை அறியாமலே கற்றுக்கொண்டவை அவை. வெளியூர்க்காரனுக்கு அவை தெரியாமல் இருப்பது குற்றமல்ல. அவனுக்கு அவற்றைச் சொல்லாமல் விடுவது நம் குற்றம்.

முதலில் பெயர்களை எடுத்துக்கொள்வோம். நாம் எல்லோரும் ‘சியோன்’ என்கிறோம். மராத்தி எழுத்தில் அது ‘ஷீவ்’. நாம் ‘பாந்த்ரா’ என்றால் பலகையில் ‘வாந்த்ரே’ இருக்கிறது. ‘பைகுல்லா’ அங்கே ‘பாய்களா’. ஊரில் உள்ள பெரியவர்கள் இன்னும் ‘வி.டி. ஸ்டேஷன்’ என்றுதான் கேட்கிறார்கள். அது 1996-ல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆகி, 2017-ல் ‘மகாராஜ்’ என்ற சொல்லும் சேர்ந்தது. எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் 2018 முதல் பிரபாதேவி. ‘கிங்ஸ் சர்க்கிள்’ என்று நாம் சொல்லும் வட்டத்துக்கு மகேஸ்வரி உத்யான் என்று பெயர். ‘ஜே.ஜே. பாலம்’ என்று ஊரே அழைக்கும் மேம்பாலத்தின் உண்மைப் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? போனில் நாம் பழைய பெயரைச் சொல்கிறோம். வருகிறவர் பலகையில் புதுப் பெயரைப் பார்க்கிறார். இரண்டும் ஒரே இடம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது எச்சரிக்கைப் பலகைகளின் சொற்கள். நெடுஞ்சாலையில் ஆங்கிலமும் இருக்கும். நகரத்துக்குள் பல இடங்களில் மராத்தி மட்டுமே. சில சொற்களையாவது வருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ‘பிரவேஷ் பந்த்’ என்றால் உள்ளே நுழையாதே. ‘ஏக்திஷா மார்க்’ என்றால் ஒருவழிப்பாதை. ‘டாவீகடே’ இடது பக்கம், ‘உஜ்வீகடே’ வலது பக்கம், ‘சரள்’ நேராக. ‘சாவகாஷ்’ என்றால் மெதுவாகப் போ. நம் ஊர்ச் ‘சாவகாசம்’ என்ற சொல்லுக்கு உறவு.

வண்டி நிறுத்தும் இடத்தில் ‘சம்’, ‘விஷம்’ என்று இரண்டு சொற்கள் வரும். சம் என்றால் இரட்டைப்படைத் தேதி, விஷம் என்றால் ஒற்றைப்படைத் தேதி. சில தெருக்களில் ஒற்றைப்படைத் தேதியில் ஒரு பக்கமும் இரட்டைப்படைத் தேதியில் மறுபக்கமும் நிறுத்த வேண்டும். தட்டுத்தடுமாறி எழுத்துக்கூட்டிப் படித்த ஒரு நண்பர், “ஏதோ விஷம் என்று போட்டிருக்கிறதே, மருந்து அடித்திருக்கிறார்களா?” என்று கேட்டார். சிரித்தோம். மறுநாள் காலையில் அவர் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது சிரிப்பு வரவில்லை. நிறுத்திய இடத்தில் வண்டி இல்லை என்றால் திருட்டுப் போய்விட்டது என்று அலறுவதற்கு முன், பக்கத்தில் உள்ள போக்குவரத்துச் சௌகியில் விசாரிக்க வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

இரு சக்கர வாகனத்தில் வரும் இளைஞர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. ஊரிலிருந்து பைக்கிலேயே வந்துவிடுகிற துணிச்சல்காரர்கள் இருக்கிறார்கள். புனேயிலிருந்து வரும் ஏறத்தாழ 95 கிலோ மீட்டர் விரைவுச் சாலையில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை. பழைய நெடுஞ்சாலையில்தான் வரவேண்டும். 2009-ல் திறந்த பாந்த்ரா–ஒர்லி கடல் பாலம், 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது, அதே ஆண்டு திறக்கத் தொடங்கிய கடற்கரைச் சாலை ஆகியவற்றிலும் பைக் போகக்கூடாது. ஜே.ஜே. பாலத்திலும் கூடாது. கைப்பேசி வரைபடத்தில் காருக்கான வழியைப் போட்டுவிட்டு, பைக்கில் அதைப் பின்பற்றினால் நேராக அபராதத்தில்தான் போய் நிற்கும். பின்னால் உட்காருகிறவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று 2022 முதல் மும்பையில் கண்டிப்பு. ஹெல்மெட் இல்லாவிட்டால் அபராதம் மட்டுமல்ல, மூன்று மாதம் லைசென்ஸை முடக்கவும் சட்டம் இடம் தருகிறது.

“எனக்கு வழி தெரியும், இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்திருக்கிறேன்” என்று சொல்பவரும் உண்டு. அவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்த நகரத்தில் பாலங்கள் நிலையாக இருப்பதில்லை. சியோன் ஸ்டேஷனை ஒட்டிய நூறாண்டு கடந்த மேம்பாலம், இடித்துக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்ட் 1-ல் மூடப்பட்டது. தாராவிக்கு அதன் வழியாக வந்து பழகியவர்கள் பிறகு சுற்றிக்கொண்டு வந்தார்கள். பிரபாதேவியில் உள்ள எல்ஃபின்ஸ்டன் பாலம் 2025 செப்டம்பரில் மூடப்பட்டது. கர்னாக் பந்தர் பாலம் 2022-ல் இடிக்கப்பட்டு, 2025 ஜூலையில் சிந்தூர் பாலம் என்ற புதுப் பெயரில் திறக்கப்பட்டது. மெட்ரோ வேலைக்காக அடைத்த சாலைகளுக்குக் கணக்கே இல்லை. போன தடவை வந்த வழி இந்தத் தடவை இருக்கும் என்று யாரும் நம்பக்கூடாது.

எல்லாவற்றுக்கும் கைப்பேசி இருக்கிறதே என்பார்கள். கைப்பேசி பெரிய உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மேம்பாலமும் அதன் கீழ்ச்சாலையும் அதற்கு ஒரே கோடாகத் தெரிகின்றன. மேலே போவதா, கீழே போவதா என்று அது தெளிவாகச் சொல்லும்போது நாம் பிரிவைத் தாண்டியிருப்போம். 2025 ஜூலையில் நவி மும்பை பேலாப்பூரில் ஒரு பெண்மணி, வரைபடத்தை நம்பிப் பாலத்தின் மேலே போவதற்குப் பதிலாகக் கீழே போய், காரோடு கழிமுகத்து நீரில் விழுந்தார். நல்லவேளையாகக் காப்பாற்றப்பட்டார். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசம் பரேலி அருகே, முடியாத பாலத்தில் ஏறிய கார் ஆற்றுக்குள் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்களும் வரைபடத்தைப் பார்த்து வந்தவர்கள்தான் என்று செய்திகள் கூறின. கருவி வழி காட்டும், கண்ணுக்குப் பதிலாக இருக்காது. ஓட்டுகிறவர் கையில் கைப்பேசி இருக்கக்கூடாது. பக்கத்தில் உட்காருகிறவர் பார்த்து, முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் வந்து போகலாம் என்று வருகிறவர்கள் சில சமயம் முதல் மழையில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்துமாதா, காந்தி மார்க்கெட், சியோன், மிலன் சுரங்கப்பாதை, அந்தேரி சுரங்கப்பாதை ஆகியவை பள்ளமான இடங்கள் என்று நமக்குத் தெரியும். தண்ணீர் நின்றபின் வெளியூர்க்காரர் கண்ணுக்கு எல்லாம் ஒரே மட்டமாகத்தான் தெரியும். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியபோது, பூட்டிய கார்களுக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்தவர்கள் உண்டு. 2017 ஆகஸ்ட் 29 மழையில் சியோன் பகுதியில் ஓர் இளம் வழக்கறிஞர் காருக்குள் உயிரிழந்தார். 2019 ஜூலையில் மலாட் சுரங்கப்பாதைத் தண்ணீரில் சிக்கிய காருக்குள் இருவர் மாண்டார்கள். இவர்களில் உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். உள்ளூர்க்காரருக்கே இந்தக் கதி என்றால் வெளியூர்க்காரர் நிலை என்ன? தேங்கிய தண்ணீரில் வண்டியை விடாதீர்கள். இன்ஜின் நின்றுவிட்டால் கண்ணாடியை இறக்கி, கதவைத் திறந்து வெளியே வாருங்கள். வண்டி போனால் இன்னொன்று வாங்கலாம்.

நகரத்துக்குள் நுழைவதற்கு முன்பே உள்ள ஆபத்து கண்டாலா மலைப்பாதை. இரண்டு இரவுகள் தூங்காமல் ஓட்டி வந்தவர் அந்த இறக்கத்துக்கு வரும்போது கண் சொருகுகிறது. டீசல் மிச்சம் பிடிக்கக் கியரை நியூட்ரலில் போட்டு இறங்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதற்கு அதுவே காரணம். கீழ்க் கியரில்தான் இறங்க வேண்டும். இரண்டு டிரைவர் இல்லாமல் இவ்வளவு தூரம் வரக்கூடாது. பின் இருக்கையில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4-ல் பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தில் இறந்தபோது பின் இருக்கையில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று காவல் துறை கூறியது. மூன்று தடமாக வந்த சாலை அந்தப் பாலத்தில் இரண்டு தடமாகக் குறுகியதும் அப்போது பேசப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் முதல் மும்பையில் காரில் உள்ள எல்லோருக்கும் பெல்ட் கட்டாயம் ஆயிற்று. ஊரில் நாலு பேர் கேலி செய்வார்கள் என்று பெல்ட்டைப் போடாமல் வருகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்பது மத்திய அரசே வெளியிட்ட கணக்கு.

காகிதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. லைசென்ஸ் எந்த மாநிலத்தில் வாங்கியதானாலும் நாடெங்கும் செல்லும். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் கையில் இருக்க வேண்டும். அரசின் டிஜிலாக்கர் செயலியில் காட்டினாலும் செல்லும். முக்கியமானது இன்னொன்று. தெரிந்தவரின் ‘ஓன் போர்டு’ வண்டியை வாடகைக்குப் பேசி எடுத்துக்கொண்டு வருவது நம்மவர்களிடம் வழக்கமாகிவிட்டது. மஞ்சள் போர்டு வண்டியைவிட மலிவு என்கிறார்கள். வெள்ளைப் போர்டு வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கலாம். கூலி வேலை செய்து சேர்த்த காசு, ஊரில் வாங்கிய மூன்று சென்ட் நிலம், எல்லாம் ஒரே நாளில் போய்விடும். அதேபோல், பள்ளியில் படிக்கும் பையனிடம் “கொஞ்ச தூரம் ஓட்டு” என்று சாவியைக் கொடுக்கும் தந்தை, 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் தனக்குத்தான் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

இப்போது பெரும்பாலான அபராதங்களைக் கேமராவே பிடித்துவிடுகிறது. ஊருக்குத் திரும்பிப் பல நாள் கழித்துக் கைப்பேசிக்குச் செய்தி வருகிறது. பழைய வண்டி வாங்கியவர்கள் ஆர்.சி.யில் தங்கள் கைப்பேசி எண்ணைச் சேர்க்காவிட்டால் அது முந்தைய உடைமையாளருக்குப் போய்விடும். இதில் ஏமாற்றுக்காரர்களும் புகுந்துவிட்டார்கள். அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பை அனுப்பி, அதைத் திறந்தவுடன் வங்கிக் கணக்கைச் சுரண்டுகிறார்கள். அரசின் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்து, உண்மை என்றால் மட்டுமே கட்ட வேண்டும். சாலையில் யாராவது கையில் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள்.

இவ்வளவு தொல்லைகளுக்கு நடுவில், இந்த நகரத்துக்கு வந்து குழப்பமில்லாமல் திரும்பிப் போகும் தமிழர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நாமக்கல் லாரிக்காரர்கள். வாஷி மார்க்கெட்டுக்குச் சரக்கு கொண்டுவரும் அவர்களில் பலருக்கு மராத்தியில் நான்கு வார்த்தைக்கு மேல் தெரியாது. ஆனால் அவர்கள் பழக்கத்தைக் கவனியுங்கள். நகரத்துக்கு வெளியே வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். டீக்கடையில், ஏற்கனவே உள்ளே போய் வந்த இன்னொரு டிரைவரிடம் விசாரிக்கிறார்கள். எந்த நேரத்தில் பெரிய வண்டிக்குத் தடை, எங்கே திரும்ப வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து பிறகு நுழைகிறார்கள். தெரியாது என்று சொல்ல அவர்கள் வெட்கப்படுவதில்லை. லட்ச ரூபாய்ச் சரக்குக்கு அவ்வளவு கவனம் என்றால், பெற்ற தாயையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வருகிறவருக்கு அதைவிட அதிகக் கவனம் வேண்டாமா?

இனி நாம் என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம். உறவினர் வண்டியில் வருகிறார் என்றால், “வாங்க, வாங்க” என்று போனில் சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. வீட்டில் ஒருவர் அரை நாள் விடுப்புப் போட்டாவது பன்வேலுக்கோ வாஷிக்கோ போய், வண்டியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து அழைத்து வரவேண்டும். ஹார்பர் லைனில் பத்து, இருபது ரூபாய் டிக்கெட்டில் முடியும் வேலை இது. தானே, முலுண்டு வழியாக வருகிறவர்களை அங்கே போய்ச் சந்திக்கலாம். வண்டி பகலில், அதுவும் காலை பத்து மணிக்கு மேல் மாலை நான்கு மணிக்குள் நகரத்தில் நுழையும்படி பயணத்தைத் திட்டமிடச் சொல்லுங்கள்.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. வண்டியை நகருக்குள் கொண்டுவரவே வேண்டாம். நவி மும்பையிலோ தானேயிலோ கல்யாணிலோ உள்ள உறவினர் குடியிருப்பில், அல்லது கட்டணம் வாங்கும் நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டுவிட்டு லோக்கல் ரயிலில் வரட்டும். ரயில்வேக்காரன் ரயிலைப் புகழ்கிறான் என்று நினைக்க வேண்டாம். 1853 ஏப்ரல் 16-ல் போரி பந்தரிலிருந்து தானேக்கு முதல் ரயில் ஓடிய பாதை இது. அன்றிலிருந்து இந்த நகரம் தண்டவாளத்தை ஒட்டித்தான் வளர்ந்தது. குழந்தைகளுக்குக் கேட்வேயும் மெரின் டிரைவும் காட்ட வேண்டும் என்றால், நெரிசல் குறைந்த பகல் வேளையில் ரயிலில் போய் டாக்சியில் சுற்றிக் காட்டுவது எளிது. சொந்தக் காரில் போனால் அதை நிறுத்த இடம் தேடுவதிலேயே அந்தப் பகல் போய்விடும். தாராவியின் சந்துகளுக்குள் காரே நுழையாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே?

வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கேட்பதில் அவமானம் இல்லை. இங்கே ‘தாதா’, ‘பாவூ’ என்று அழைத்து வழி கேட்டால், எவ்வளவு அவசரத்தில் இருப்பவரும் நின்று கையைக் காட்டிவிட்டுத்தான் போவார். இந்த நகரத்தின் நல்ல குணம் அது. வழி தவறிவிட்டால் நடுச்சாலையில் தடுமாறாமல், பின்னுக்கு எடுக்காமல், நேராகவே போய் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்துங்கள். ஐந்து கிலோ மீட்டர் சுற்றினால் நூறு ரூபாய் எரிபொருள்தான் போகும். எதிர்த் திசையில் திரும்பினால் என்ன போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, எந்த அவசரத்துக்கும் 112 என்ற எண்களைக் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

அதிகாரிகளுக்கும் நம் வேண்டுகோள் உண்டு. மராத்தியில் பலகை வைப்பதை நாம் குறை சொல்லவில்லை. அது இந்த மண்ணின் மொழி, இங்கே பிழைக்க வந்த நாம் கற்றுக்கொள்ள வேண்டிய மொழி. நாம் கேட்பது வேறு. மேம்பாலம் பிரியும் இடத்திலேயே பலகை வைத்தால் பயனில்லை. அதற்கு அரை கிலோ மீட்டர் முன்பும், கால் கிலோ மீட்டர் முன்பும் வைக்க வேண்டும். எந்த மொழிக்காரருக்கும் புரியும்படி படமும் அம்புக்குறியும் இருக்க வேண்டும். இரு சக்கர வாகனத்துக்குத் தடை என்றால், திரும்பிப் போக இடம் உள்ள இடத்திலேயே அதைச் சொல்ல வேண்டும். விளம்பரத் தட்டிகளும் மரக்கிளைகளும் பலகையை மறைக்கக்கூடாது. 2024 அக்டோபர் 15 முதல் மும்பையின் ஐந்து நுழைவாயில்களிலும் கார்களுக்குச் சுங்கம் நீக்கப்பட்டது. அது வரவேற்கத்தக்கது. முன்பு பணம் வாங்க நிறுத்திய அதே இடத்தில், ஒரு பெரிய வரைபடப் பலகையும் வண்டியை ஓரம் கட்டிப் படிக்கச் சிறிது இடமும் தந்தால் எவ்வளவு பேருக்கு உதவியாக இருக்கும்!

இது மும்பைக்கு மட்டும் சொல்வதல்ல. மகாராஷ்டிரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கும் மதுரைக்கும் காரில் போகிறவர்கள் நம் ஊர்த் தெருக்களில் இதே பாட்டைத்தான் படுகிறார்கள். அங்கே ஒருவழிப்பாதையில் நுழைந்துவிட்ட ‘எம்.எச்.’ வண்டியைப் பார்த்து நம்மவர்கள் கையை ஓங்குவதும் உண்டு. நாம் இங்கே எதிர்பார்க்கும் பொறுமையை அங்கே நம் உறவினர்கள் காட்ட வேண்டும்.

நம் தமிழ்ச் சங்கங்களும் நாடார், தேவர், ஆதிதிராவிடர் என்று ஊர் ஊராக, சமூகம் சமூகமாக நாம் வைத்திருக்கும் சங்கங்களும் ஆண்டுவிழா மலர் போடுகின்றன. அதில் ஒரு பக்கத்தை இதற்கு ஒதுக்கலாம். பழைய பெயர், புதுப் பெயர், மராத்திச் சொல், தடை உள்ள பாலம், பள்ளமான இடம், நிறுத்த வசதியுள்ள இடம் ஆகியவற்றை ஒரே தாளில் அச்சடித்து, திருமணப் பத்திரிகையோடு சேர்த்து ஊருக்கு அனுப்பலாம். பெரிய செலவில்லை.

அன்று இரவு படியில் உட்கார்ந்த மைத்துனர் பிறகு மூன்று நாள் வண்டியைத் தொடவே இல்லை. திரும்பிப் போகிற நாளில் பன்வேல் வரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி காட்டிவிட்டு, நான் ரயிலில் திரும்பினேன். வரும்போதே அப்படிப் போயிருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு ஊரிலிருந்து வண்டி வருகிறது என்று உங்களுக்குப் போன் வந்தால், எந்த இடத்தில் நின்று காத்திருப்பேன் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள்.